சாரல் நாளிலும் அறாத கம்பி வேண்டும்

மருத்துவமனை மடலில் கண்ணாடி இழைக் கேபிளைப் பற்றி எழுதுவானேன் என்று வாசகர்கள் கேட்கக்கூடும். சர்க்கரை நோய், இரத்த அழுத்தம், வலிப்பு, மனநலம் ஆகியவற்றுக்கான தொடர் ஆலோசனைகளிலும், அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய பார்வைகளிலும் ஒரு பங்கு இன்று கைப்பேசித் திரை வழியாகவே நடைபெறுகிறது. மேக்கரையிலோ புளியரையிலோ கடையத்துக்கு மேற்கே மலையடிவாரத்திலோ வாழும் ஒருவர், பத்து நிமிட ஆலோசனைக்காக ஒரு நாள் கூலியை இழந்து, துணைக்கு ஒருவரையும் அழைத்துக்கொண்டு, பேருந்து மாறி மாறி வரவேண்டிய நிலை அதனால் ஓரளவு குறைந்திருக்கிறது. அந்த வசதி கம்பியை நம்பி நிற்கிறது. கம்பியோ தில்லியில் எடுக்கப்படும் முடிவுகளை நம்பி நிற்கிறது. அண்மை ஆண்டுகளில் அத்தகைய முடிவுகள் பல வெளிவந்துள்ளன. அவற்றை நோயாளர்களின் பக்கத்திலிருந்து படித்துப் பார்த்து, எங்கள் கருத்தை இங்கே பதிவு செய்கிறோம்.

முதலில், பலரும் அறியாத ஒரு விதி. 2020 மார்ச் 25 அன்று வெளியான தொலைமருத்துவ நடைமுறை வழிகாட்டுதல்கள் காணொலி, குரல், எழுத்து என மூன்று வழிகளை ஏற்கின்றன. ஆனால் மூன்றும் சமமானவை அல்ல. காய்ச்சல் மாத்திரை, உப்பு-சர்க்கரைக் கரைசல் போன்ற எளியவற்றை எவ்வழியிலும் பரிந்துரைக்கலாம். ‘ஏ’ பட்டியலில் உள்ள மருந்துகளை முதல் ஆலோசனையிலேயே எழுத வேண்டுமானால், மருத்துவர் நோயாளியைக் காணொலியில் பார்த்தாக வேண்டும். போதைத் தன்மையுள்ள மருந்துகளைத் தொலைவிலிருந்து எழுதவே கூடாது. ஆகவே, திரையில் படம் உறைந்து குரல் மட்டும் எஞ்சும் அந்தக் கணத்தில் மருத்துவரின் பேனா சட்டப்படியே சுருங்கிவிடுகிறது. “போனில் பேசினார், ஆனால் மருந்து எழுத மறுத்துவிட்டார்” என்று வருந்தும் குடும்பத்தாருக்கு இதுவே பெரும்பாலும் விடை. இணைய வேகம் இங்கே வெறும் வசதி அன்று. நோயாளிக்கு எந்த மருந்து கிடைக்கும் என்பதையே அது முடிவு செய்கிறது.

வேகம் என்றதும் இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2023 ஜனவரியில் ஒன்றிய அரசு பிராட்பேண்டுக்கான வரையறையை உயர்த்தியது. அதுவரை வினாடிக்கு 512 கிலோபிட் இருந்தாலே பிராட்பேண்ட் எனப்பட்டது. இப்போது குறைந்தது 2 மெகாபிட் வேண்டும். வரவேற்கத்தக்க மாற்றமே. ஆயினும் அந்த அளவு பதிவிறக்கத்துக்கு மட்டுமே உரியது. திரைப்படம் பார்ப்பவருக்குப் பதிவிறக்கம் போதும். நோயாளியின் வீங்கிய காலையோ, குழந்தை மூச்சுவிடும் விதத்தையோ மருத்துவர் பார்க்க வேண்டுமானால் படம் கிராமத்திலிருந்து மேலே ஏற வேண்டும். பதிவேற்ற வேகத்துக்கு வரையறையில் இடமில்லாதது மருத்துவ நோக்கில் பெரிய குறை என்றே கருதுகிறோம்.

இனி, பணம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்ப்போம். தொலைத்தொடர்பு நிறுவனங்களின் சரிசெய்யப்பட்ட மொத்த வருவாயில் 5 விழுக்காடு, ஊரகச் சேவைக்கென ஒரு நிதியில் சேர்கிறது. 2002 ஏப்ரல் 1 முதல் இயங்கிவரும் இந்த நிதிக்கு 2003இல் சட்டத் தகுதி கிடைத்தது. 1885ஆம் ஆண்டின் தந்திச் சட்டத்துக்கு மாற்றாக வந்த 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம், இதற்கு ‘டிஜிட்டல் பாரத் நிதி’ என்று புதுப்பெயர் சூட்டியது. அச்சட்டத்தின் ஒரு பகுதி 2024 ஜூன் 26 அன்று நடைமுறைக்கு வந்தது. நிதியை நடத்தும் விதிகள் அதே ஆண்டு ஆகஸ்டு 30 அன்று அறிவிக்கப்பட்டன. பெண்கள், மாற்றுத்திறனாளிகள், நலிந்த பிரிவினர் ஆகியோருக்கான சேவையும் அவ்விதிகளில் இடம்பெற்றுள்ளது. கைப்பேசிக்கு நாம் செலுத்தும் ஒவ்வொரு ரீசார்ஜ் தொகையிலும் ஒரு துளி இந்த நிதிக்குப் போய்ச் சேருகிறது என்று கொள்வதில் தவறில்லை. வசூலான தொகை முழுவதும் உரிய காலத்தில் உரிய பணிக்குச் செலவிடப்படவில்லை என்ற குறை நாடாளுமன்றத்தில் திரும்பத் திரும்ப எழுப்பப்பட்ட ஒன்றாகும். பெயர் மாறிய நிதி இந்தப் பழக்கத்தையும் மாற்றிக்கொள்ள வேண்டும்.

இந்த நிதியின் பெரிய செலவு ‘பாரத்நெட்’. ஊராட்சிகள் அனைத்தையும் கண்ணாடி இழையால் இணைக்கும் திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்தது 2011 அக்டோபரில். முதல் ஒரு லட்சம் ஊராட்சிகளை முடிக்க 2017 டிசம்பர் ஆயிற்று. 2021இல் தனியார் பங்களிப்புடன் 19,041 கோடி ரூபாய் உதவித்தொகை அறிவித்தும் ஏலம் கைகூடவில்லை. 2023 ஆகஸ்டில் 1,39,579 கோடி ரூபாய் மதிப்பில் திருத்திய திட்டத்துக்கு அமைச்சரவை இசைவளித்தது. தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளை இணைக்கும் பணி தமிழ்நாடு கண்ணாடி இழை வலையமைப்பு நிறுவனத்திடம் உள்ளது. அதற்கான முதல் ஒப்பந்தப்புள்ளி 2020இல் கைவிடப்பட்டு மீண்டும் கோரப்பட்டதை நாளிதழ் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

திருத்திய திட்டத்தில் எங்களுக்கு மிகவும் பிடித்தது ‘வளைய அமைப்பு’. பழைய முறையில் கேபிள் நேர்கோட்டில் சென்றது. வழியில் சாலை தோண்டும் பொக்லைன் ஓரிடத்தில் அறுத்தால், அதற்கப்பால் உள்ள ஊர்கள் அத்தனையும் இருண்டன. வளையத்தில் ஒருபுறம் அறுந்தாலும் தகவல் மறுபுறம் சுற்றி வந்து சேரும். இதய நோயாளர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை: முதன்மை இரத்தக்குழாய் அடைபட்டாலும் பக்கக் கிளைகள் வளர்ந்திருந்தால் தசை பிழைத்துக்கொள்வதைப் போன்றதே இது.

2025 பிப்ரவரி 1 அன்று தாக்கலான நிதிநிலை அறிக்கையில், ஊரகப் பகுதிகளின் அரசு மேல்நிலை, உயர்நிலைப் பள்ளிகளுக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் பாரத்நெட் வழியே இணைப்பு வழங்கப்படும் என்ற அறிவிப்பு வந்தது. அதற்குச் சற்று முன் தொடங்கிய இரண்டாம் தேசிய பிராட்பேண்ட் இயக்கம், 2030க்குள் 2.70 லட்சம் கிராமங்களைக் கண்ணாடி இழையால் இணைத்து, 95 விழுக்காடு நேரம் சேவை தடையின்றி இருக்க வேண்டும் என்று இலக்கு வைத்துள்ளது.

95 என்பது தேர்வில் நல்ல மதிப்பெண். கணக்குப் போட்டுப் பார்த்தால் வேறு கதை. ஆண்டுக்கு 8,760 மணி நேரம். அதில் 5 விழுக்காடு 438 மணி நேரம், அதாவது பதினெட்டு நாட்களுக்கு மேல். அந்தப் பதினெட்டு நாட்களும் ஆண்டு முழுவதும் சீராகப் பரவி வருவதில்லை. ஜூன் முதல் ஆகஸ்டு வரை செங்கோட்டைக் கணவாய் வழியே காற்று இறங்கி மரக்கிளைகளை முறிக்கும் நாட்களிலும், ஐப்பசி கார்த்திகை அடைமழையிலும் அவை கூட்டமாக வரும். காய்ச்சலும் மூச்சிரைப்பும் மிகும் நாட்களும் அவையே. ஊராட்சி அலுவலகத்தின் சான்றிதழ் ஒரு நாள் தாமதமாகலாம். ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து இதய மின்வரைபடத்தை வல்லுநருக்கு அனுப்பிக் காத்திருக்கும் நெஞ்சுவலிக்காரருக்கு அந்த அவகாசம் இல்லை. திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை தென்காசியிலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. சுகாதார நிலையங்களுக்கு மட்டுமேனும் 99 விழுக்காடு என்ற தனி இலக்கை வகுத்து, மின்சாரம் போனால் தாங்கும் மின்கலத்தையும் இணைப்புடனேயே வழங்க வேண்டும்.

அறிவிப்பில் ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது. துணை சுகாதார நிலையம்? கிராம சுகாதார செவிலியர் உட்கார்ந்திருப்பது அங்கேதான். கர்ப்பிணிகளும் முதியோரும் முதலில் செல்வதும் அங்கேதான். ஒன்றிய அரசின் ‘இ-சஞ்சீவனி’ சேவையில் அங்கிருந்தே மருத்துவரைத் திரையில் அழைக்கும் ஏற்பாடு உண்டு. ஆனால் கேபிள் வந்து நிற்கும் பெட்டி பெரும்பாலும் ஊராட்சிக் கட்டடத்தில் இருக்கிறது. அந்தப் பெட்டிக்கும் செவிலியரின் மேசைக்கும் இடைப்பட்ட சில நூறு மீட்டர் யாருடைய பொறுப்பு என்பதைத் திட்டம் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

அலைபேசிக் கோபுரங்கள் போதாவா என்று சிலர் கேட்கிறார்கள். தென்காசி நகருக்குள் பெரும்பாலும் போதும். மத்தளம்பாறையிலிருந்து உலகுக்கு மென்பொருள் செல்லும் மாவட்டம் இது. இணையம் நமக்குப் புதிதன்று. ஆனால் சீசன் ஞாயிற்றுக்கிழமைகளில் ஐந்தருவிக்கும் பழைய குற்றாலத்துக்கும் வரும் கூட்டம் அருவியை மட்டும் பங்கு போட்டுக்கொள்வதில்லை, கோபுரத்தையும்தான். 2023 டிசம்பர் 17, 18 நாட்களின் பெருமழையில் தென் மாவட்டங்களின் பல ஊர்களில் அலைபேசித் தொடர்பே அற்றுப்போனதை நாம் கண்டோம். கோபுரத்துக்கும் கடைசியில் கேபிளும் மின்சாரமும் வேண்டும்.

இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், 2024இல் சேவைத் தர விதிமுறைகளைத் திருத்தியது. எங்கெங்கே தங்கள் சேவை கிடைக்கும் என்ற வரைபடத்தை நிறுவனங்கள் இணையதளத்தில் வெளியிட வேண்டும். ஒரு மாவட்டத்தில் சேவை 24 மணி நேரத்துக்கு மேல் முடங்கினால் வாடிக்கையாளருக்கு ஈடு தர வேண்டும். வரைபடம் பயனுள்ளது, புதிய சிம் வாங்குமுன் உங்கள் தெரு அதில் உள்ளதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஈட்டைப் பொறுத்தவரை, முடங்கிய நாளுக்குப் பதில் இன்னொரு நாள் ரீசார்ஜ் நீள்வதால் இன்சுலின் அளவு கேட்க முடியாமற்போன முதியவருக்கு என்ன பயன்? அதே ஆண்டு டிசம்பரில், இணையம் சேராத, குரலும் குறுஞ்செய்தியும் மட்டும் கொண்ட திட்டங்களையும் நிறுவனங்கள் தர வேண்டும் என்று டிராய் ஆணையிட்டது. பட்டன் போன் வைத்திருக்கும் தாத்தா பாட்டிகளுக்குக் கடையில் இதைக் கேட்டு வாங்கிக் கொடுங்கள்.

அமெரிக்காவிலும் இதே போன்றதொரு நிதி உண்டு. 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழிவந்த அதில், ஊரக மருத்துவ நிலையங்களுக்கென்றே தனிப் பிரிவு ஒதுக்கப்பட்டு, தகுதியுள்ளவற்றின் பிராட்பேண்ட் கட்டணத்தில் 65 விழுக்காட்டை அது ஏற்கிறது. அந்த நிதி வசூலிக்கப்படும் முறையே செல்லாது என்று தொடரப்பட்ட வழக்கில், 2025 ஜூன் 27 அன்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற பெரும்பான்மையில் நிதியைக் காத்தது. அங்கே குறைகள் இல்லாமலில்லை. ஏழைக் குடும்பங்களின் இணையக் கட்டணத்துக்கு உதவிய வேறொரு திட்டம் பணம் தீர்ந்து 2024இல் நின்றுபோயிற்று. ஆயினும், மருத்துவத்துக்கென நிதிக்குள்ளேயே தனிக் கணக்கு வைக்கும் முறையை டிஜிட்டல் பாரத் நிதியும் ஏற்க வேண்டும்.

செயற்கைக்கோள் இணையத்துக்கு 2025இல் ஸ்டார்லிங்க் நிறுவனமும் உரிமம் பெற்றுள்ளது. கேபிள் ஏற முடியாத மலைக் குடியிருப்புகளுக்கு அது உதவக்கூடும். சமவெளி ஊராட்சிகளில் கேபிள் பதிக்காமல் தட்டிக்கழிக்க அது சாக்காகக் கூடாது.

கம்பி வந்துவிட்டால் மருத்துவர் தேவையில்லை என்று நாங்கள் கூறவில்லை. வயிற்றைக் கையால் அழுத்திப் பார்க்காமல் குடல்வால் அழற்சியைத் திரையில் உறுதி செய்ய முடியாது. நெஞ்சுவலி, ஒருபக்கச் செயலிழப்பு, நிற்காத இரத்தப்போக்கு என்றால் காணொலிக்குக் காத்திராமல் 108ஐ அழையுங்கள். மற்ற நேரங்களில் காணொலி அறுந்தால் மருத்துவர் திரும்ப அழைக்கும் வரை மருந்துச் சீட்டையும் அன்றைய அளவீடுகளையும் கையருகே வைத்திருங்கள். எழுத்தில் அனுப்பிவைத்தால் இன்னும் நல்லது.

ஒன்று மட்டும் உங்கள் கையிலேயே இருக்கிறது. திருத்திய பாரத்நெட்டில் ஊராட்சித் தலைமையிடம் அல்லாத சுமார் 3.8 லட்சம் கிராமங்களுக்குக் கேட்டால்தான் இணைப்பு. கேளாத ஊருக்குக் கேபிள் வாராது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடும் கிராம சபையில், நம் துணை சுகாதார நிலையத்துக்கு இணைப்பு எப்போது வரும், வந்த இணைப்பு சென்ற மாதம் எத்தனை நாள் வேலை செய்தது என்று கேளுங்கள். தீர்மானமாகவும் எழுதச் சொல்லுங்கள். நகல் ஒன்றை எங்கள் வரவேற்பறையில் கொடுத்தால், மருத்துவமனையின் கோரிக்கை மனுவுடன் இணைத்து மாவட்ட ஆட்சியருக்கு அனுப்பிவைப்போம்.