விலை மாறலாம், விதி மாறலாமா?

ஒரே வரைபடத்தை வைத்துக் கொச்சியில் ஒரு வீடும் போபாலில் ஒரு வீடும் கட்டுவதாக வைத்துக்கொள்வோம். இரண்டின் மின்பணி மதிப்பீடும் எவ்வளவு வேறுபட வேண்டும்? சந்தையில் கிடைக்கும் பதில் ஒற்றை எண்தான்: சதுர அடிக்கு இவ்வளவு, அல்லது விளக்கோ விசிறியோ இணையும் ஒரு பாயின்ட்டுக்கு இவ்வளவு. மத்தியப் பொதுப்பணித் துறை இதைச் சற்று ஒழுங்காகச் செய்கிறது. டெல்லி விலைப் பட்டியலை அடிப்படையாகக் கொண்டு, மற்ற ஊர்களுக்குச் செலவுக் குறியீட்டின்படி கூட்டிக் குறைக்கிறது. கணக்குக்கு இது எளிது. ஆனால் ஊருக்கு ஊரோ காலத்துக்குக் காலமோ மாறுபவை பல: பொருள் விலை, கூலி, மண், விதியைச் சரிபார்க்கும் கண்டிப்பு. இவற்றை ஒரே விழுக்காட்டுக்குள் அடைத்தால் பணக்கணக்கு பிசகும். பாதுகாப்பும் சத்தமில்லாமல் குறைந்துபோகும்.

கூலியைப் பார்ப்போம். ரிசர்வ் வங்கி வெளியிட்ட புள்ளிவிவரத்தின்படி, 2021-22இல் கிராமப்புறக் கட்டுமானத் தொழிலாளியின் சராசரி நாள்கூலி கேரளத்தில் 837.70 ரூபாய், மத்தியப் பிரதேசத்தில் 266.70 ரூபாய். மூன்று மடங்குக்கும் மேல். செம்புக் கம்பிக்கோ இந்த இடைவெளி கிடையாது. அதன் விலை உலகச் சந்தையைத் தொட்டு நகர்வதால் கொச்சியிலும் போபாலிலும் ஏறக்குறைய ஒன்றுதான். செம்பை ஆட்டுவது இடமல்ல, காலம். லண்டன் உலோகச் சந்தையில் 2020 மார்ச்சில் டன்னுக்கு 5,000 டாலருக்கும் கீழே இருந்த செம்பு, 2021 மே மாதத்தில் 10,000 டாலரைத் தாண்டியது. 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பியின் 90 மீட்டர் சுருளில் சுமார் 2 கிலோ செம்பு இருக்கிறது. ஆறு மாதத்துக்கு முந்தைய பட்டியலை வைத்துப் போட்ட மதிப்பீடு, அது பழையது என்பதாலேயே தவறாகிவிடக்கூடும்.

அளவுகளும் இடத்தைப் பொறுத்தவை. ‘பாயின்ட்’ என்பதே ஒரே நீளமல்ல. சில விலைப் பட்டியல்கள் அதை நீளத்தின்படி பல வகையாகப் பிரிக்கின்றன. எர்த்திங்கில், அதாவது மின்னமைப்பை மண்ணோடு இணைப்பதில், வேறுபாடு இன்னும் அதிகம். ஈரமான களிமண்ணில் ஒரு மின்வாய் போதும் என்றால், கிருஷ்ணகிரி போன்ற பாறைப் பகுதியில் கூடுதல் ஆழமோ கூடுதல் மின்வாய்களோ தேவைப்படலாம். இந்தியத் தரநிலை 3043 மண்ணின் மின்தடையை அளக்கச் சொல்வது இதனால்தான். ஊர்க் குறியீட்டுக்கு மண்ணைத் தெரியாது.

விதியின் கதை வேறு. அமெரிக்காவில் தேசிய மின் நெறிமுறை மூன்றாண்டுக்கு ஒருமுறை திருத்தப்படுகிறது; எதை, எப்போது, எந்த மாற்றத்தோடு ஏற்பது என்பதை மாநிலங்களும் நகரங்களும் முடிவுசெய்கின்றன. பல ஊர்களில் வீட்டுக்குள் உறையிட்ட கேபிளே போதும். சிகாகோவில் உலோகக் குழாய் வழியாகத்தான் கம்பியை இழுக்க வேண்டும். அந்தச் செலவு மதிப்பீட்டில் வெளிப்படையாக ஏறுகிறது. இந்தியாவில் பாதுகாப்பு விதி நாடு முழுவதற்கும் ஒன்றுதான். மத்திய மின்சார ஆணையத்தின் 2023 ஒழுங்குமுறைகள் வீடுகளில் மின்கசிவைத் துண்டிக்கும் கருவிக்கு 30 மில்லியாம்பியர் வரம்பு வைத்திருக்கின்றன. இங்கே ஊருக்கு ஊர் மாறுவது விதியல்ல, அதைச் சரிபார்க்கும் கண்டிப்பு. ‘எங்கள் ஊரில் இதெல்லாம் கேட்பதில்லை’ என்பதும் ஒரு விலைக் காரணியாகி, ஒற்றை எண்ணுக்குள் ஒளிந்துகொள்கிறது. 1.5 சதுர மில்லிமீட்டர் கம்பிக்குப் பதில் 1 சதுர மில்லிமீட்டர் இழுத்தால் செம்பில் மூன்றில் ஒரு பங்கு மிச்சம். பூசிய சுவர் அதைக் காட்டிக்கொடுக்காது.

சிறிய வீடு கட்டுபவருக்கு நீண்ட பட்டியல் எதற்கு, மொத்தத் தொகை தெரிந்தால் போதாதா என்று கேட்கலாம். மொத்தத் தொகை வேண்டியதுதான். ஆனால் எந்தக் கம்பி, எத்தனை எர்த், எந்தக் கருவி என்று ஒரு பக்கத்தில் எழுதித் தரப் பெரிய செலவாகாது. எழுதாத பொருளைப் பின்னால் கேட்டு வாங்கவும் முடியாது. குறைந்த விலைக்கே வேலை போகும் சந்தையில் எல்லாவற்றையும் எழுதிக் கொடுப்பவர் தோற்றுவிடுவார் என்பது வலுவான ஆட்சேபம். அவர் மட்டும் எழுதினால் தோற்கத்தான் செய்வார். அதனால் பட்டியலை எழுதும் பொறுப்பு வேலை கொடுப்பவருடையதாக இருக்க வேண்டும். எல்லோரும் ஒரே பட்டியலுக்கு விலை சொன்னால்தான் அவற்றை ஒப்பிடுவதில் அர்த்தம் உண்டு. பட்டியல் இருந்தாலும் ஏமாற்றலாமே என்றால், ஏமாற்றலாம்தான். ஆனால் அப்போது அது பேரத்தில் கிடைத்த தள்ளுபடி ஆகாது, ஒப்பந்த மீறலாகும்.

எனவே மதிப்பீட்டை மூன்றாகப் பிரிப்பதே நியாயம். செம்பு சார்ந்த பொருள்களுக்கு விலைத் தேதியும், தேதி தாண்டினால் திருத்தும் முறையும் வேண்டும். கூலிக்கு அந்தந்த ஊரின் நிலவரமும், வேலையின் கடினமும் கணக்காக வேண்டும். கம்பியின் தடிமன், எர்த்திங், மின்கசிவுக் கருவி, இறுதிச் சோதனை ஆகியவற்றின் அளவை வேலை கொடுப்பவரே முன்கூட்டி நிர்ணயித்துவிட வேண்டும். ஒப்பந்ததாரர்கள் விலையில் போட்டி போடட்டும். அளவில் போட்டி போட இடம் கொடுக்கக் கூடாது. அரசு டெண்டர்களில் இந்தப் பிரிவினையைக் கட்டாயமாக்கினாலே, தனியார் வேலைகளுக்கும் அது முன்மாதிரியாகும்.