லேசான வேலையாம்!

"பெண் பிள்ளைகள் பார்ப்பது லேசான வேலை, அதற்கு ஏற்ற கூலிதான் கொடுக்க முடியும்." கூலி உயர்வு என்று வாய் திறந்தால் போதும், சிவகாசிப் பட்டாசு முதலாளிமார்கள் பாடுகிற பல்லவி இது. மருந்து கலப்பவன் ஆண், ஆபத்து அவனுக்கு. சக்கரம் சுற்றுகிறவளும் சரம் பின்னுகிறவளும் பெட்டியில் அடைக்கிறவளும் பெண். அவளுக்கு என்ன கஷ்டம் என்கிறார்கள்.

இது சிவகாசியில் விளைந்த சரக்கல்ல. இரண்டாம் உலக யுத்தத்தின்போது பிரிட்டிஷ் இன்ஜினியரிங் முதலாளிகள் கடைவிரித்த பழைய சரக்கு.

அப்போது ஆண்கள் போர்முனைக்குப் போனார்கள். லேத்தையும் துளையிடும் இயந்திரத்தையும் பெண்கள் இயக்கினார்கள். 1940-ல் ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது: ஆண் செய்த வேலையைப் பெண் ஏற்றால், 32 வாரங்களுக்குப் பிறகு முழு ஆண் கூலி. ஆனால் ஒரு நிபந்தனை! கூடுதல் மேற்பார்வையோ உதவியோ இல்லாமல் அவள் அதைச் செய்ய வேண்டும். முதலாளிகளுக்கு இந்த ஓட்டை போதாதா? இயந்திரத்தைப் பொருத்திக் கொடுக்க ஒரு ஆளை நிறுத்தினார்கள். "உதவி கொடுத்தாயிற்று, இனி இது பெண் வேலை" என்றார்கள். வேலை அதேதான், பெயர் மாறியது, கூலி குறைந்தது. தொழிற்சங்கமும் யோக்கியமாக நடந்துகொண்டதாகச் சொல்ல முடியாது. அந்நாட்டு இன்ஜினியரிங் தொழிலாளரின் பெரிய சங்கம் 1943-ல்தான் பெண்களுக்குக் கதவைத் திறந்தது.

அதே 1943-ன் கடைசியில், கிளாஸ்கோ பக்கம் ஹில்லிங்டனில், விமான இன்ஜின் செய்த ரோல்ஸ் ராய்ஸ் ஆலையில் பெண்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஆண் தொழிலாளரும் உடன் நின்றார்கள். "யுத்த காலத்தில் வேலைநிறுத்தமா, தேசத் துரோகம்!" என்ற கூச்சலுக்கு அவர்கள் மசியவில்லை. கடைசியில் பெற்றது என்ன? ஆலையிலுள்ள இயந்திரங்கள், அவற்றில் நடக்கும் வேலை, அதற்கான கூலி எல்லாம் பட்டியலாக எழுதப்பட்டன. இயந்திரத்தின் முன் நிற்பது ஆணா பெண்ணா என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை.

நமது நாட்டில் மட்டும் என்ன வாழ்ந்தது? நிலக்கரிச் சுரங்கத்தின் அடியில் பெண்கள் இறங்கக் கூடாது என்றிருந்த தடையை வெள்ளைக்கார சர்க்கார் 1943-ல் எடுத்துவிட்டது. யுத்தம் முடிந்து 1946-ல் மறுபடி போட்டது. நிலக்கரி தேவைப்பட்டபோது அவள் உடம்பு தாங்கும். தேவை தீர்ந்ததும் தாங்காது!

சிவகாசியும் அந்த யுத்தத்தில்தான் தலையெடுத்தது. கப்பலில் வந்த வெளிநாட்டுப் பட்டாசு நின்றது. 1940 வெடிமருந்து விதிகள் லைசென்ஸ் முறையைக் கொண்டுவந்தன. தீப்பெட்டி ஆலைகளில் பழகிய கைகள் இங்கே தயாராக இருந்தன. யுத்தம் முடிந்தும் லாபம் முடியவில்லை. இன்றும் விடியுமுன் சாத்தூர், வெம்பக்கோட்டைக் கிராமங்களிலிருந்து வேன் வேனாகப் பெண்களை ஏற்றிக்கொண்டுதான் அந்த லாபம் வேலைக்குப் போகிறது.

"உருப்படிக் கூலியில் ஆண் பெண் பேதம் ஏது?" என்று சாமர்த்தியமாகக் கேட்பார்கள். பேதம் உருப்படியில் இல்லை ஐயா, பிரிவினையில் இருக்கிறது! கூலி குறைந்த வேலைகளாகப் பார்த்துப் பெண்களை உட்கார வைத்துவிட்டு, எல்லோருக்கும் ஒரே ரேட் என்றால் யாரை ஏமாற்றுகிறீர்கள்? 1976-ல் வந்த சம ஊதியச் சட்டம், ஒரே வேலைக்கு மட்டுமல்ல, ஒத்த தன்மையுள்ள வேலைக்கும் சம கூலி என்றது. ஒத்த தன்மை எது என்று முதலாளியே தீர்மானித்தால் சட்டம் ஏட்டுச் சுரைக்காய்தான்.

ஆபத்து ஆணுக்கு மட்டும் என்ற வாதத்துக்கு 2023 அக்டோபர் 17 பதில் சொல்லிவிட்டது. அன்று சிவகாசி அருகே ரெங்கபாளையத்தில் நடந்த விபத்தில் மாண்டவர்களில் பெரும்பாலோர் பெண்கள். 2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டியில் 38 உயிர்கள் போயின. மருந்து கலக்கும் அறையில் கிளம்பிய நெருப்பு, பெட்டி அடைக்கும் அறை வாசலில் "இது லேசான வேலை" என்று படித்துவிட்டுத் திரும்பிப் போகுமா? லைசென்ஸ் ஒருவர் பெயரில் இருக்க, அறைகளைக் குத்தகைக்கு விட்டு, அளவுக்கு மேல் ஆட்களை அடைக்கும் இடங்களில் அந்த நெருப்புக்கு முதலில் சிக்குவது யார்?

ஹில்லிங்டன் பெண்கள் வாங்கிய பட்டியலையே நாமும் கேட்கிறோம். ஒவ்வொரு ஆலை வாசலிலும் பலகை வையுங்கள். எந்த அறை, என்ன வேலை, எத்தனை பேர், குரோசுக்கு எவ்வளவு கூலி என்று தமிழில் எழுதுங்கள். ஆண், பெண் என்ற சொல் அந்தப் பலகையில் வேண்டாம். கூலியை நிர்ணயிக்கும் கமிட்டியில் சரம் பின்னுகிற பெண்களும் உட்காரட்டும். எந்த வேலை லேசு என்பதை அவர்களிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.