வீட்டுக்கொரு தபாலாபீஸ்

தோட்டத்தில் வளர்ந்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். கடிதமெல்லாம் முதலில் தோட்ட ஆபீசுக்குத்தான் வரும். கிராணியின் மேசையைத் தாண்டித்தான் லயத்துக்கு வரவேண்டும். இன்றைய மின்னஞ்சலும் அப்படித்தான், ஏதோ ஒரு பெரிய கம்பெனியின் மேசையில் கிடக்கிறது. "சொந்தமாக ஒரு சர்வர் வைத்துக்கொண்டால் என்ன மாமா?" என்று கேட்கிறான் என் தங்கை மகன்.

வைக்கலாம். போஸ்ட்ஃபிக்ஸ் போன்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. ஆனால் வீட்டு இணைய இணைப்பு இதற்குச் சரிப்படாது. அஞ்சல் போய்வரும் 25-ஆம் எண் வாசலைப் பல கம்பெனிகள் வீடுகளுக்கு அடைத்துவிடுகின்றன. மாத வாடகைக்குத்தான் ஒரு சர்வர் பிடிக்கவேண்டும்.

பிறகுதான் தலைவலி. 1978 மே மாதம் கணினி விற்பவர் ஒருவர் ஆர்ப்பாநெட்டில் சுமார் 400 பேருக்கு விளம்பரம் அனுப்பினார். குப்பை அஞ்சலின் தொடக்கம் அதுதான் என்பார்கள். அஞ்சலுக்கு 1982-இல் வகுத்த விதியிலும் அனுப்புநர் பெயரைச் சரிபார்க்க வழியில்லை. யார் பெயரையும் யாரும் போட்டுக்கொள்ளலாம்! அதனால்தான் பிற்பாடு காவல்கள் வந்தன. எஸ்.பி.எஃப். என்பது, எங்கள் கடிதம் இன்ன சர்வரிலிருந்துதான் வரும் என்று முன்கூட்டியே அறிவித்து வைப்பது. டி.கே.ஐ.எம். என்பது கடிதத்தின்மேல் அரக்கு முத்திரை.

எனக்குப் பிடித்தது வேறொன்று. புதிதாய் வருபவனிடம், "இப்போது முடியாது, சற்றுப் பொறுத்து வா" என்று சொல்லி அனுப்பிவிடுவது. ஒழுங்கான சர்வர் சில நிமிடம் கழித்துத் திரும்ப வரும். குப்பை வியாபாரிகளில் பலருக்கு அந்தப் பொறுமை கிடையாது.

இத்தனையும் வைத்தும் நான் ஒரு தவறு செய்தேன். சந்தேகமான கடிதத்தை உடனே அழித்துவிடும்படி கட்டளை போட்டிருந்தேன். அண்ணன் மகளும் என் சர்வரில்தான் முகவரி வைத்திருந்தாள். கல்லூரி நேர்முகத் தேர்வுக்கு அவளை அழைத்த கடிதம் அதில் மாண்டுபோனது. தேதி கடந்த பிறகே விஷயம் தெரிந்தது. அந்த வருடம் அவள் சேரவில்லை. அண்ணி என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது. இப்போது நான் எதையும் அழிப்பதில்லை. சந்தேகமானவை தனிப் பெட்டிக்குப் போகும், தினமும் மாலையில் ஒருமுறை புரட்டிப் பார்த்துவிடுவேன்.

பையனிடம் சொல்லிவிட்டேன்: தொடங்கு. ஆனால் புதிய சர்வர் அனுப்பும் கடிதத்தை மற்ற சர்வர்கள் சுலபத்தில் நம்பாது, குப்பைப் பெட்டியில் தள்ளிவிடும். ஆறு மாதமாவது வேலை விண்ணப்பங்களைப் பழைய முகவரியிலிருந்தே அனுப்பு.