ஆராய்ச்சிக் கூடத்திலும் பதிலிகளா?

2023 டிசம்பர் 26ந் தேதி நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பம் மக்கள் கண் எரிந்து, மூச்சுத் திணறி, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. பலர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டனர். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அளந்தபோது, ஆலை வாசல் காற்றில் கன மீட்டருக்கு 2,090 மைக்ரோகிராம் அம்மோனியா இருந்தது, வரம்பு 400. கடல் நீரில் லிட்டருக்கு 49 மில்லிகிராம், வரம்பு 5.

இந்த எண்கள்தான் மக்களின் சாட்சி. "நெடி தாங்கவில்லை" என்று நாம் சொன்னால் முதலாளிகள் காதில் ஏறாது; எண்ணைக் காட்டினால் மறுக்க முடியாது. ஆனால் எண் தானாகப் பேசாது. கால் மணிக்கு ஒரு தரம் காற்றை அளந்தால், ஒரு வாயுவுக்கே ஆண்டுக்கு 35,040 கணக்குகள் சேரும். கருவி பழுதான நேரத்தைக் கழித்து, காற்று வீசிய திசையைச் சேர்த்து, எந்தப் புகைபோக்கியின் வேலை இது என்று பிரித்தறிய வேண்டும். டாக்டர் பட்டம் பெற்று, கம்ப்யூட்டர் முன் கண் விழிக்கும் இளம் விஞ்ஞானிகளின் வேலை அது.

இவர்களில் பலர் திட்ட ஊழியர்கள். திட்டம் முடிந்தால் வேலையும் முடிந்தது. மத்திய சர்க்காரின் விதிப்படி பஞ்சப்படி இல்லை, போனஸ் இல்லை, ஓய்வுக்காலச் சலுகையும் இல்லை. 'ரிசர்ச் அசோசியேட்' ஆரம்பச் சம்பளம் 2019ல் 47,000 ரூபாய். விலைவாசி நான்காண்டு ஏறிய பிறகு, நாடெங்கும் ஆராய்ச்சி மாணவர்கள் கிளர்ச்சி செய்த பிறகே, 2023ல் அது 58,000 ஆயிற்று.

"ஐம்பத்தெட்டாயிரமா!" என்று விவசாயத் தொழிலாளித் தோழர் கேட்கலாம். நியாயமான கேள்வி. உங்கள் கூலி உயர வேண்டும் என்பதில் நமக்கு இரண்டு அபிப்பிராயம் இல்லை. ஆனால் இங்கே பிரச்னை தொகை மட்டுமல்ல. மில் வாசலில் காத்துக் கிடந்த பதிலியை நாம் அறிவோம். மேஸ்திரியை எதிர்த்து அவன் வாய் திறக்க முடிந்ததா? நாளை வேலை உண்டா என்று அறியாத விஞ்ஞானி, பெரிய கம்பெனிக்குப் பாதகமான கணக்கை எந்தத் தைரியத்தில் வெளியிடுவார்? இரண்டு மழைக்காலம் பார்த்துத் தேர்ந்தவர் வெளியேறினால், புதியவர் அரிச்சுவடியிலிருந்து தொடங்க வேண்டும். நஷ்டம் அவருக்கு மட்டுமல்ல. குப்பத்துக் குழந்தையின் நுரையீரலுக்கும்தான்.

1918ல் பெரம்பூர் மில் தொழிலாளர் சங்கம் பிறந்த மண் இது. 1923ல் சிங்காரவேலர் மே தினம் கொண்டாடிய நகரம் இது. விஞ்ஞானத்தைப் பற்றித் தமிழில் எழுதியவரும் அவரே.

எனவே நாம் கோருகிறோம்: நிரந்தரத் தன்மையுள்ள ஆராய்ச்சி வேலைகளுக்கு நிரந்தர ஊழியரை நியமி! மாதந்தோறும் தவறாமல் சம்பளமும் பஞ்சப்படியும் கொடு! காற்றின் கணக்கை ஆலை வாசலிலும் குப்பத்திலும் தமிழில் எழுதி வை!

இளம் விஞ்ஞானிகளே, உங்கள் கணக்கு எங்கள் மூச்சு. ஒப்பந்தத் தொழிலாளியின் சங்கக் கொடி உங்களுக்கும் உரியது. வாருங்கள், சேர்ந்து நிற்போம்!