பழைய புல்லட்டைப் புதுப்பியுங்கள்; வெட்டாதீர்கள்!

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் வீட்டை ஒட்டிய கொட்டகையில் பழைய புல்லட் ஒன்று நிற்பது அதிசயக் காட்சி அல்ல. மேலே கிழிந்த சாக்கு. சீட்டில் கோழி படுத்திருக்கும். "அப்பா ஓட்டுனதுங்க. இரும்புக்குப் போட மனசு வரல" என்பார் வீட்டுக்காரர். ஒருநாள் மகன் சாக்கை உருவுவான். ஸ்பேனரைக் கையில் எடுப்பான்.

நல்லதும் அங்கேதான் ஆரம்பம். வம்பும் அங்கேதான் ஆரம்பம்!

திருவொற்றியூர் பிள்ளை

புல்லட் சீமைச் சரக்கு என்று பலர் நினைக்கிறார்கள். பிறந்தது இங்கிலாந்துதான். ஆனால் வளர்ந்தது நம் சென்னையில். எல்லையில் ரோந்து போகப் பட்டாளத்துக்கு வண்டி தேவைப்பட்டது. அதை ஒட்டி 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸ் கூட்டுச் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா உருவானது. திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. 1970-ல் இங்கிலாந்துக்காரன் கடையைக் கட்டினான். திருவொற்றியூரில் மட்டும் சத்தம் ஓயவில்லை. டேங்க் மேல் ஓடும் தங்கக் கோட்டை வழிவழியாகக் கையாலேயே இழுத்து வரும் தமிழ்க் குடும்பம் ஒன்று உண்டு என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆக, கொட்டகையில் நிற்பது வெறும் இரும்பு அல்ல. தமிழ்நாட்டுத் தொழிலாளியின் கைவேலை. அதைப் பிரித்துத் துடைத்து, துரு சுரண்டி, மறுபடி ஓட வைக்கும் இளைஞனைப் பாராட்டத்தான் வேண்டும்.

வேலையும் லேசானது அல்ல. 346 சி.சி. ஒற்றை சிலிண்டர். டி-கம்ப்ரஷன் லீவரை அழுத்தி, ஆம்பியர் முள்ளைப் பார்த்து, பதம் தெரிந்து உதைக்க வேண்டும். பதம் தப்பினால் கிக்கர் திருப்பி அடிக்கும், கணுக்கால் வீங்கும்! பாயிண்ட் கேப் வைப்பது, ஸ்போக் முறுக்கி ரிம் கோணல் எடுப்பது எல்லாம் பழைய மெக்கானிக்குகளின் விரலில் இருக்கும் வித்தை. அவர்கள் இருக்கும்போதே பையன்கள் கற்றுக்கொள்வது நல்லது. சாமானுக்கும் பஞ்சமில்லை. உள்ளூரில் கிடைக்காதது சென்னை புதுப்பேட்டையில் கிடைக்கும்.

வெல்டிங் வந்தது, விதி வந்தது!

ஆனால் பல கொட்டகைகளில் நடப்பது வேறு. பின் மட்கார்டு போச்சு. ஃப்ரேமை அறுத்து நீட்டுகிறார்கள். ஹேண்டில் ஆகாயத்தில் நிற்கிறது. சைலன்சருக்குப் பதில் வெறுங்குழாய். கேட்டால் "கஸ்டம் பண்ணிருக்கோம்ணே" என்று பதில்!

ஃப்ரேம்தான் வண்டிக்கு முதுகெலும்பு. தெருவோரத்தில் வெல்டிங் வைத்த முதுகெலும்போடு, விக்கிரவாண்டி தாண்டி நாற்கரச் சாலையில் லாரிக்கும் ஆம்னி பஸ்ஸுக்கும் நடுவே பறக்கிறார்கள். ஒட்டு விட்டால் என்ன ஆகும் என்று சொல்ல ஜோசியம் வேண்டாம். அந்த வண்டியோடு ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தால், இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரிக்க வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

சட்டமும் சும்மா இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் அதை அடித்துச் சொல்லிவிட்டது. மீறினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். காதைக் கிழிக்கும் சைலன்சருக்கு 10,000 ரூபாய் வரை அபராதம் தனி. லைசென்சுக்கும் மூன்று மாதம் ஆபத்து. பெயிண்ட் நிறம் மாற்றினால்கூட ஆர்.சி.யில் பதிய வேண்டும்.

வெட்டினால் நஷ்டம் யாருக்கு?

பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று. 50 வயது தாண்டிய வண்டிகளுக்கு மத்திய அரசு 2021-ல் தனி விதி கொண்டுவந்தது. 20,000 ரூபாய் கட்டினால் 'வி.ஏ.' என்ற தனி வரிசையில் பழம்பெரும் வாகனம் என்று பதிவு கிடைக்கும். பத்து வருஷம் செல்லும். ஆனால் தினசரி சவாரி கிடையாது. கண்காட்சி, பழைய வண்டி ஊர்வலம், பெட்ரோல் போட, பழுது பார்க்க என்று போய் வரலாம். நிபந்தனை: வண்டி அசல் உருவத்தில் இருக்க வேண்டும். சேசிஸ், பாடி, என்ஜினை மாற்றியிருந்தால் கதவு மூடப்படும்.

அப்பா வைத்துவிட்டுப் போன 1970-ம் வருஷ வண்டியை வெட்டுகிறவன் அந்தக் கௌரவத்தையும் விலையையும் சேர்த்தே வெட்டுகிறான். பொன் முட்டை இடும் வாத்தை அறுத்த கதைதான்!

முதலில் காகிதம், அப்புறம் ஸ்பேனர்

தினமும் ஓட்ட ஆசைப்படுகிறவர் ஆர்.சி. புத்தகத்தைத் தேட வேண்டும். 15 வருஷம் முடிந்த பதிவை ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்கலாம். அப்பா காலமாகியிருந்தால் மூன்று மாதத்துக்குள் வாரிசு பெயருக்கு மாற்ற மனுப் போட வேண்டும். வருஷக்கணக்கில் விட்டவர்கள்தான் அதிகம். இனியாவது ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போகட்டும்.

வெளியே வாங்குகிறவர்கள் இன்னும் உஷார்! சேசிஸ் நம்பர் மேல் காகிதம் வைத்து, பென்சில் தேய்த்துப் பாருங்கள். புத்தகத்து நம்பரோடு ஒத்துப்போகாவிட்டால், எண் ராவியிருந்தால், "சல்லிசா வருது சார்" என்று எவன் சொன்னாலும் நகர்ந்துவிடுங்கள். திருட்டு வண்டி வாங்கினவன் ஸ்டேஷன் படி ஏறியே ஓய்ந்துபோவான்.

கொட்டகையிலும் ஜாக்கிரதை தேவை. டேங்கில் பெட்ரோல் வாடை இருக்கும்போது வெல்டிங் பக்கம் போகாதீர்கள். காலி டேங்க்தான் முதலில் வெடிக்கும். கதவைச் சாத்திக்கொண்டு என்ஜினை ஓட விடாதீர்கள். புகையில் வாசனை இல்லாத விஷவாயு இருக்கிறது. இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் குழாய், வாஷரை அது அரித்துவிடும். புது ரகக் குழாய் மாற்றாமல் ஸ்டார்ட் செய்தால் சூடான என்ஜின் மேல் பெட்ரோல் சொட்டும்.

இன்னொன்று: பழைய புல்லட்டில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில்! புது வண்டி ஓட்டிப் பழகின தம்பியிடம் "ஒரு ரவுண்டு போய்ட்டு வாடா" என்று சாவியைக் கொடுத்தால், மாடு குறுக்கே வந்ததும் அவன் மிதிப்பது கியரைத்தான். பிரேக்கை அல்ல.

போலீசுக்கும் ஒரு வார்த்தை. பையனை நிறுத்தி சைலன்சரைக் கழற்றுவது சரி. அந்தச் சைலன்சரைக் கடையில் தொங்கவிட்டு விற்கிறவரையும், ஃப்ரேமை அறுத்துக் கொடுக்கிற பட்டறையையும் விட்டுவிடுவது என்ன நியாயம்? வாலைப் பிடித்தால் போதாது, தலையையும் பிடிக்க வேண்டும். விழுப்புரம், திண்டிவனம் ஆர்.டி.ஓ. ஆபீஸ்களில் எது செய்யலாம், எது கூடாது என்று தமிழில் ஒரு போர்டு வைத்தால் பாதி வம்பு வாசலிலேயே தீரும்.

அப்பா ஓட்டிய வண்டி, அப்பா ஓட்டிய மாதிரியே தெருவில் வரட்டும். கிழவர்கள் திண்ணையை விட்டு எழுந்து பார்ப்பார்கள். அதைவிடப் பெரிய அலங்காரம் எந்தப் பட்டறையிலும் கிடைக்காது!