அராவப்பட்ட இலக்கங்கள்

பழைய இராணுவ றைபிள்களைச் சேகரிப்போர் மத்தியில் ஒரு மந்திரச் சொல் உண்டு: 'மட்சிங்'. துவக்கின் உடல், போல்ற், கூடவே வந்த உபகரணங்கள் ஆகிய அனைத்திலும் உள்ள இலக்கங்கள் ஒத்திருக்க வேண்டும். ஒத்திருந்தால் விலை ஏறும். இதிலே தவறில்லை. ஆனால், ஒவ்வாத இலக்கத்தை அராவி அழித்துவிட்டு, ஒத்த இலக்கத்தைப் பொறித்து விற்பதைப் பொழுதுபோக்கின் பெயரால் மன்னிக்க நான் தயாரில்லை.

இலங்கைப் பொலிஸாரின் தோளிலும் நெடுங்காலம் தொங்கிய .303 லீ என்பீல்ட் குடும்பத்தில் 'நம்பர் 4 (ரி)' என்பது இரண்டாம் உலகப் போர்க்காலப் பிரித்தானிய சினைப்பர் றைபிள். தேர்ந்தெடுத்த துவக்குகளிலே ஹொலண்ட் அன்ட் ஹொலண்ட் நிறுவனத்தார் நம்பர் 32 தொலைநோக்கியைப் பொருத்தினார்கள். தொலைநோக்கியின் இலக்கம் மரக்கட்டையின் கழுத்திலும், துவக்கின் இலக்கம் தொலைநோக்கியைத் தாங்கும் சட்டத்திலும் பொறிக்கப்பட்டன. போர் முடிந்தபின் பல ஜோடிகள் பிரிந்தன. பிரிந்த தொலைநோக்கியையும், அதன் தகரப் பேழையையும், துவக்கின் மரப்பெட்டியையும் ஆண்டுக்கணக்கில் தேடுவோரை நான் மதிக்கிறேன்.

அந்த மரக்கட்டைகள் சிலவற்றை உற்றுப் பார்த்தால் வேறொன்றும் தெரியும். தொலைநோக்கி மாற்றப்பட்டபோது பழைய இலக்கத்தின் குறுக்கே கோடு அடித்து, அருகிலே புதியதைப் பொறித்திருக்கிறார்கள். பழையதையும் இன்றுவரை வாசிக்கலாம். பத்திரிகைக்காரனுக்குப் பழக்கமான நெறி இது. பிழையான செய்திக்கு மறுநாள் திருத்தம் வெளியிடுகிறோம். பழைய பிரதியைக் கொளுத்துவதில்லை. இலக்கத்தை அராவுபவனோ பிரதியைக் கொளுத்துகிறான்.

1935இல் ஜேர்மன் இராணுவம் ஏற்றுக்கொண்ட மவுசர் 98கே றைபிளுக்கு நேர்ந்ததைப் பாருங்கள். சோவியத் படைகள் கைப்பற்றிய இத்துவக்குகள் போருக்குப் பின் கழற்றப்பட்டு, பாகங்கள் கலந்து மீளப் பூட்டப்பட்டன. பலவற்றில் 'எக்ஸ்' அடையாளம் இடப்பட்டது. போல்ற்றில் புதிய இலக்கம் கீறப்பட்டது. மோசடிக்காரன் இவற்றை அழித்து, ஜேர்மன் பாணி எழுத்தில் இலக்கம் பொறித்து, பிரிந்தே அறியாத துவக்காக விற்கிறான். அழிந்தது வெறும் கீறலா? கிழக்குப் போர்முனையில் ஓர் இராணுவம் தோற்ற செய்தி அல்லவா அழிந்தது! 1945இல் சரணடைந்த ஜப்பானின் அரிசாகா றைபிள்களில் அராவப்பட்ட செவ்வந்திப்பூ முத்திரையும் அத்தகைய செய்தியே. சந்தையோ அராவாத பூவுக்குத்தான் கூடுதல் விலை வைக்கிறது.

அறியாமையும் மோசடிக்குத் துணைபோகிறது. போர்க்கால 98கே துப்பாக்கிமுனைக் கத்தியின் இலக்கம் அதன் உறையின் இலக்கத்தோடுதான் ஒத்திருக்கும், துவக்கோடு அல்ல. ஆகவே துவக்கின் இலக்கத்தையே தாங்கிய கத்தியை ஒருவர் நீட்டினால், மகிழ்வதற்கு முன் சந்தேகியுங்கள்.

"பழைய நிலைக்கு மீட்கிறோம், அவ்வளவுதான்" என்பார்கள். மீட்பதாயின் எதை மாற்றினோம் என்று எழுதிக் கொடுக்கலாமே? எழுதிக் கொடுத்தால் விலை இறங்கிவிடும். அங்கேதான் வாதத்தின் சாயம் வெளுக்கிறது.

இது காகிதத் தகராறும் அன்று. போல்ற்றுக்கு இலக்கம் இட்டதற்குக் காரணம் உண்டு. ரவையின் பின்புறத்தை போல்ற் சரியான இடைவெளியில் தாங்க வேண்டும். இடைவெளி மிகுந்தால் ரவைக்கூடு பிளந்து, கொதிக்கும் வாயு சுடுபவரின் முகத்தை நோக்கி வரக்கூடும். பொய்யிலக்கத்தை நம்பி, அளந்து பாராமல் சுடுபவர் தம் கண்ணையே பணயம் வைக்கிறார்.

சேகரிப்பாளர்களே, ஒவ்வாத இலக்கத்தை ஒவ்வாததாகவே வைத்திருங்கள். எப்போது, எங்கே வாங்கினீர்கள், எந்தப் பாகத்தை மாற்றினீர்கள் என்பதை ஒரு கொப்பியில் எழுதி, துவக்கோடு அடுத்தவரிடம் ஒப்படையுங்கள். நீங்கள் தேடியலையும் உபகரணங்களில் இல்லாதது அந்தக் கொப்பி ஒன்றுதான்.