ஏரி வண்டலில் உள்ள கணக்கு

ஏரி வண்டல் நிலத்துக்கு நல்ல எரு என்பதைத் தர்மபுரி ஜில்லாக் குடியானவர்களுக்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. கோடையில் ஏரி வற்றியதும் வண்டலை அள்ளிச் சென்று செம்மண் புன்செய்களில் பரப்புவது தொன்றுதொட்ட வழக்கம். 2017-ஆம் ஆண்டில் குடிமராமத்து மீண்டும் தொடங்கப்பெற்றதும், விவசாயிகள் கட்டணமின்றி வண்டல் எடுக்கத் தாசில்தாரே அனுமதி வழங்கலாமென 2024-ஆம் ஆண்டில் விதி எளிதாக்கப்பட்டதும் இவ்வழக்கத்துக்குப் புத்துயிர் அளித்தன. இது வரவேற்கத்தக்கதே. ஆயினும் முன்னாளில் மண்வெட்டியும் கூடையும் கொண்டு பல கோடைகளில் எடுத்த மண்ணை இப்பொழுது இயந்திரம் சில தினங்களில் அடித்தரை வரையில் வாரிவிடுகின்றது. அம்மண்ணோடு அவ்வேரியின் பழைய நீர்க்கணக்கும் போய்விடுகின்றது. அக்கணக்கில் ஒரு சிறு பகுதியையேனும் ஏரிதோறும் விட்டுவைக்க வேண்டும் என்பது நமது அபிப்பிராயம்.

வண்டல் சொல்லும் செய்தி

ஆழ்ந்து அசையாது நிற்கும் நீரில் நுண்ணிய களிமண் படிகின்றது. அலை மோதும் விளிம்பில் மணலும் சரளையும் தங்குகின்றன. சில ஆண்டுகள் மழை பொய்த்து நீர் உள்வாங்கினால், முன்பு களி படிந்த இடத்தின் மேலேயே மணல் படியும், தரை வெடிக்கும், வெடிப்பில் மேல்மண் புகும், புல் முளைத்து வேர்த்தடம் விடும். மீண்டும் நீர் நிறையின் அதன்மேல் களி மூடும். ஆகையால் வண்டலை நேர்க்குத்தாக வெட்டிப் பார்த்தால், கீழிருந்து மேலாக நல்ல காலமும் பஞ்ச காலமும் அடுக்கடுக்காகத் தோன்றும். கரையோரத்திலும் சாட்சி உண்டு. நீர் ஒரே மட்டத்தில் நெடுநாள் நின்றால், அலை சரிவை அரித்துப் படிபோலாக்கிச் சரளையை வரிசையாக ஒதுக்கிவிடும். நீர் போன பின்னும் அந்த வரை நிற்கும்.

இவ்விரு சாட்சிகளையும் கொண்டு பூர்வ ஏரிகளின் நீர்மட்டத்தை அறியும் முறை புதியதன்று. அமெரிக்காவில் யூட்டா மாகாணத்து மலைச்சரிவுகளில், இன்றைய பெரிய உப்பேரிக்கு ஏறக்குறைய 1,000 அடி மேலே பழைய கரைவரைகள் காணப்படுகின்றன. கில்பர்ட் என்பவர் அவற்றை அளந்து, மறைந்துபோன பானவில் என்னும் பேரேரியின் வரலாற்றை 1890-இல் நூலாக வெளியிட்டார். ஒரு கணவாயே அவ்வேரிக்குக் கலிங்காக இருந்தது. அக்கணவாயை நீர் அரித்து உடைத்தபோது மட்டம் வெகுவாகத் தாழ்ந்து, கீழே வேறொரு கரைவரை உண்டாயிற்று. கலிங்கு உடைந்த ஏரியைக் கண்டவர்களுக்கு இது எளிதில் விளங்கும்.

நமது தேசத்தில் ராஜஸ்தானத்துச் சாம்பர், தித்வானா, லூங்கரன்சர் முதலிய உப்பேரிகளின் படிவுகள் ஆராயப்பட்டுள்ளன. மழை குறைந்து ஏரிகள் வற்றியதே சிந்து நதிக்கரை நாகரிகம் க்ஷீணித்ததற்குக் காரணம் என்று அறிஞர் சிலர் முன்பு கருதினர். ஆனால் லூங்கரன்சர் ஏரியின் அடுக்குகளைக் காலம் கணித்து 1999-இல் வெளியிட்ட ஆராய்ச்சி, அவ்வேரி ஏறக்குறைய 5,500 ஆண்டுகளுக்கு முன்னரே வற்றிவிட்டதென்றும், அந்நகரங்கள் செழித்தது அதற்குப் பிந்தியே என்றும் காட்டிற்று. படிவு இராதிருந்தால் ஊகமே உண்மையாக நின்றிருக்கும்.

நமது மாகாணத்தில் நீலகிரிச் சதுப்புகளின் கரிமண்ணை ஆராய்ந்தோர், ஏறக்குறைய 20,000 ஆண்டுகளில் ஈரமும் வறட்சியும் மாறிவந்த விதத்தை 1993-இல் வெளியிட்டனர். அவர்கள் கையாண்ட முறை நமக்குச் சுவையானது. கேழ்வரகு, சோளம், கம்பு, கரும்பு முதலியன கரியமில வாயுவை உட்கொள்ளும் விதம் வேறு. நெல்லும் மரங்களும் உட்கொள்ளும் விதம் வேறு. அவ்வேற்றுமை செடி மக்கிய பின்னும் மண்ணிலுள்ள கரியில் நிற்கின்றது. எவ்வகைச் செடி மிகுந்திருந்தது என்பதிலிருந்து அக்காலத்து ஈரத்தை ஊகிக்கலாம்.

நமது ஏரிகளுக்குப் பொருந்துமா?

நமது ஏரிகள் பெரும்பாலும் முன்னோர் கரை கட்டி உண்டாக்கியவை. கலிங்கின் உயரத்துக்கு மேல் அவற்றில் நீர் நில்லாது. ஆதலால் மிகு மழையின் அளவை அவற்றின் கரைவரையிலிருந்து அறிதல் கூடாது. ஆனால் ஏரி எத்தனை முறை வறண்டது, எவ்வளவு காலம் வறண்டு கிடந்தது, கலிங்கு எப்பொழுதேனும் உயர்த்தப்பட்டதா, வண்டல் எவ்வளவு விரைவாகச் சேர்ந்தது என்பவற்றை அறியலாம். ஆண்டுக்கு 1,000 மில்லிமீட்டருக்கும் குறைவாக மழை பெறும் நமது ஜில்லாவுக்கு இவையே வேண்டுவன.

இந்திய வானிலை இலாகா 1875-இல் ஏற்பட்டது. அடுத்த ஆண்டே தொடங்கி 1878 வரை நீடித்த பெரும் பஞ்சத்தில், தர்மபுரி அடங்கியிருந்த அக்காலத்துச் சேலம் ஜில்லாவின் ஜனத்தொகையே குறைந்தது. ஏரிகளை அளந்து குறிப்பெழுதும் மராமத்துத் திட்டம் சென்னை மாகாணத்தில் 1883-இல்தான் தொடங்கிற்று. அத்தகைய பஞ்சம் முன்பு எத்தனை தலைமுறைக்கு ஒருமுறை நேர்ந்தது என்பதற்கு அதற்கு முந்திய எழுத்துக் கணக்கு சொற்பம். ஏரியின் வண்டலோ அதற்கும் முந்தியது.

காலம் கணிக்கவும் வழி உண்டு. 1950-க்குப் பின் வல்லரசுகள் ஆகாயத்தில் வெடித்த அணுகுண்டுகளின் சீசியம் உலகெங்கும் மழையுடன் இறங்கி, 1963-ஐ ஒட்டி உச்சமடைந்தது. அக்குறி உள்ள அடுக்கு மேலிருந்து 2 அடி ஆழத்தில் அகப்பட்டதாக வைத்துக்கொள்வோம். அறுபது ஆண்டுகளில் 24 அங்குலம், அதாவது பத்தாண்டுக்கு 4 அங்குலம் தூர்ந்தது என்று கணக்கிடலாம். அடுத்த தூரெடுப்பு எப்பொழுது வேண்டும் என்பதை ஊகமின்றிச் சொல்ல இது உதவும். கீழ் அடுக்குகளின் காலத்தை அவற்றிலுள்ள கரியைக் கொண்டு கணிக்கின்றனர்.

ஆட்சேபங்கள்

இரண்டு ஆட்சேபங்கள் கூறப்படலாம். முதலாவது, மாடு மிதித்தும் முன்பு வெட்டியும் நமது ஏரி வண்டல் கலங்கிப்போயிற்று என்பது. பல இடங்களில் இது மெய்யே. அதனால்தான் கலங்காத இடத்தைத் தேர்ந்து விடவேண்டும் என்கிறோம். இரண்டாவது, வண்டல் வீணாகும் என்பது. மேல்பரப்பு 10 அடிச் சதுரமும் உயரம் 4 அடியுமாக, பக்கங்கள் ஒன்றுக்கு ஒன்று சரிவாக ஒரு திட்டை விட்டால், அதில் அடங்கும் மண் ஏறக்குறைய 800 கன அடி, அதாவது 8 யூனிட். ஓர் ஏரி முழுவதற்கும் 8 யூனிட் மண் பெரிய நஷ்டமன்று. வெட்டிய மண்ணை அளப்பதற்காக நடுவே சாட்சித்திட்டு விடுவது மண்வேலைக்காரர் அறிந்ததே. அளவு முடிந்ததும் அதையும் வெட்டிவிடாமல் வைத்தால் போதும்.

செய்யத்தக்கவை

1. தூரெடுக்கும் முன், ஊர்ப் பெரியவர்களைக் கலந்து, முன்பு வெட்டப்படாத ஆழ்ந்த இடம் ஒன்றைத் தேர்ந்து குறியிடுக. அது கரைக்கும் மதகுக்கும் விலகியிருத்தல் வேண்டும்.

2. வெட்டு முகத்தில் தெரியும் அடுக்குகளின் நிறம், தடிப்பு, மணலா களியா என்பது ஆகியவற்றைக் கிராம நிர்வாக அலுவலர் தேதியிட்டு எழுதி, அளவுகோலுடன் படமெடுத்து வைக்க வேண்டும். சிப்பி, ஓடு, கரித்துண்டு அகப்பட்டால் அதன் ஆழத்தையும் குறிக்கலாம்.

3. உட்சரிவில் உள்ள சரளைவரையை இயந்திரத்தால் சமன் செய்யலாகாது. 2007-ஆம் ஆண்டின் ஏரிப் பாதுகாப்புச் சட்டப்படி எல்லை குறிக்கும்போது, சர்வே ஆவணங்களோடு ஒப்பிட்டுப் பார்க்க அவ்வரை துணைசெய்யும். ஆக்கிரமிப்பு வழக்குகளில் அலையும் ஊரார் இதன் மதிப்பை உணர்வார்கள்.

4. வெட்டு முடிந்தவுடன் பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்துக்கும், சேலம் பெரியார் பல்கலைக்கழகப் புவியமைப்பியல் துறைக்கும் அறிவித்து, திட்டு நீரில் கரையுமுன் மாதிரி எடுக்கச் செய்தல் நலம்.

ஏரி பத்தாண்டில் எத்தனை முறை நிறையும் என்பதை வைத்தே ஆயக்கட்டில் நெல் நடுவதா, கேழ்வரகோடு நிற்பதா, கிணற்றுக்குக் கடன் வாங்குவதா என்று குடியானவர் தீர்மானிக்கின்றார். இன்று அத்தீர்மானம் தந்தையும் பாட்டனும் கண்ட மழையின் ஞாபகத்தின்மேல் நிற்கின்றது. அந்த ஞாபகத்துக்கு எட்டாத வறட்சியும் ஏரியின் அடியில் பதிந்திருக்கக்கூடும். வாரிய மண்ணைத் திரும்பப் பழைய அடுக்கில் வைக்க யாராலும் இயலாது. ஆதலால் வரும் கோடையில் வண்டலுக்கு மனுக் கொடுக்கும் ஒவ்வோர் ஊரும், அம்மனுவிலேயே சாட்சித்திட்டுக்கு உரிய இடத்தையும் குறிப்பிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.